தோள்கொடு அறக்கட்டளை ஆள் எடுக்கிறது

தோள்கொடு அறக்கட்டளையின் களப்பணியாளர் சேவூருக்கு வந்த ஐந்தாம் நாள் படுத்துவிட்டார். அவரைக் குறை சொல்லக் கூடாது. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஆடி மாதத்தில் ஆரணிப் பக்கம் படுக்காதவர்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. சிக்குன்குன்யா என்று வாய்க்குள் நுழையாத பெயரோடு ஒரு காய்ச்சல் வந்து, மூன்று நாள் தங்கி, போகும்போது முட்டியையும் மணிக்கட்டையும் விரல் கணுக்களையும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போனது. நேற்றுவரை சைக்கிளில் பறந்தவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போனார்கள்.

பட்டு நெய்கிறவனுக்கு இருப்பதே அந்த முட்டியும் விரலும்தான். தறிக்குழியில் காலை இறக்கினால் மிதிக்க வலுவில்லை. இழை ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்தால் எறிய வலுவில்லை. சேவூர்த் தெருக்களில் தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது. தறி நின்ற வீட்டில் நாலைந்து நாளில் அடுப்பும் நிற்கும் என்பது தெருநாய்க்குக்கூடத் தெரியும். சென்னையில் இருந்த தோள்கொடு அறக்கட்டளை அதை அறுபது பக்க ஆய்வறிக்கையாக எழுதி நிரூபித்து, நூற்றெண்பது குடும்பங்களுக்குத் தலா ஒரு பத்துக் கிலோ அரிசி மூட்டை கொடுப்பதாக முடிவு செய்தது.

முடிவு நல்ல முடிவுதான். அரிசியைக் களம்பூரில் ஒரு ரைஸ் மில்லில் வாங்கினார்கள். அதே மில்லின் பின்பக்கம் ஒரு குடோனை வாடகைக்குப் பிடித்து, அங்கே அடுக்கினார்கள். அரிசி நகர்ந்த தூரம் நாற்பது அடி. அந்த நாற்பது அடிக்கும் பேனர் கட்டி, போட்டோ எடுத்து, 'நிவாரணம் புறப்பட்டது' என்று நன்கொடையாளர்களுக்கு அனுப்பினார்கள். மறுநாள்தான் களப்பணியாளருக்குக் காய்ச்சல் வந்தது. அவர் காரில் ஏறிச் சென்னைக்குப் போய்விட்டார், அரிசி புறப்பட்ட இடத்திலேயே இருந்தது.

எடுத்துக் கொடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அறப்பணி தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சீட்டு உண்டு. சீட்டில் களப்பணியாளர் கையெழுத்து வேண்டும். களப்பணியாளர் இல்லை. ஆகவே, முதலில் களப்பணியாளர் வேண்டும்.

அறக்கட்டளையின் தலைமை இயக்குநர் சக்கரவர்த்தி, பசியைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். அவர் அன்று சாயந்திரமே ஒரு சுற்றறிக்கை விட்டார். "ஊழியர்களின் பாதுகாப்பே நமது முதல் அறம். எனவே நாளை முதல் அனைவரும் வீட்டிலிருந்தே பணியாற்றுவர். பாதிக்கப்பட்ட பகுதிக்கு யாரும் செல்லலாகாது. எனினும் இந்த நெருக்கடியிலும் ஆள்சேர்ப்பு ஒரு நாளும் நிற்காது. அது தொலைவிலிருந்தே நடைபெறும். மக்கள் காத்திருக்கப் பழகியவர்கள். காலிப் பணியிடம் அப்படியல்ல." கொசு வீட்டுக்கும் வரும் என்பதைச் சுற்றறிக்கை கவனிக்கவில்லை.

விளம்பரத்தைச் சேவூர் பஸ் நிறுத்தத்தில் ஒட்டினார்கள். முழுவதும் இங்கிலீஷ். அதை நின்று கடைசிவரை படித்தவள் சுபலட்சுமி. இருபத்துநாலு வயது, தபாலில் பி.காம். படித்தவள், பதின்மூன்று வயதிலிருந்து அப்பா மாணிக்கவேலோடு தறியில் உட்கார்ந்தவள். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. முகூர்த்தப் புடவை ஒன்று பாதியில் தறியிலேயே கிடந்தது. அவளுக்கும் மணிக்கட்டில் வலி கண்டிருந்ததால், தனியாக உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு ஒரு சாண் நெசவு ஓடுவதே பெரிய பாடாக இருந்தது.

அவளுக்கு வேலை வேண்டும், அதில் பொய்யில்லை. ஆனால் அந்த அரிசியை அவள் கண்ணால் பார்த்துவிட்டாள். அதுதான் அவளைச் சும்மா இருக்கவிடவில்லை. களம்பூருக்கு பஸ் ஏறிப் போனபோது, குடோன் காவல்காரர் கந்தசாமி ஜன்னல் கம்பி வழியாகக் காட்டினார். மூட்டை மேல் மூட்டையாகக் கூரை வரைக்கும் இருந்தது.

"அப்படியே கீது பாரும்மா. எலி வந்தாகூட சீட்டு கேக்கணும் நான்," என்றார் கந்தசாமி.

"ஒரு கையெழுத்துதானேண்ணா?"

"ஒரு கையெழுத்துதான். அதுக்கு ஆள் எடுத்துகினு கீறாங்களாம். ஜல்தியா முடிஞ்சிடும்னு சென்னை ஆபீஸ் மேடம் சொன்னாங்க."

ஜல்தியாக முடிக்கத்தான் முதல் கட்டமாகப் பதினான்கு பக்க விண்ணப்பம் வைத்திருந்தார்கள். ஆரணியில் பாலு நடத்திய பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து சுபலட்சுமி அதை நிரப்பினாள். பாலு அவளுடைய பள்ளிக்கூடத் தோழன். பிளைவுட் தடுப்பு வைத்து அஞ்சு கம்ப்யூட்டர் போட்டிருந்தான். ஆறாவது பக்கத்தில் 'உங்கள் குணநலனுக்குச் சான்று தரும் இருவரைக் குறிப்பிடவும். அவர்கள் பாதிக்கப்பட்ட மாவட்டத்தில் வசிக்கக் கூடாது' என்று இருந்தது. சுபலட்சுமிக்குத் தெரிந்த மனுஷர்கள் எல்லாரும் பாதிக்கப்பட்ட மாவட்டத்தில்தான் இருந்தார்கள். பதினோராவது பக்கத்தில் 'ஏழ்மையைப் பற்றி நீங்கள் எங்கிருந்து அறிந்துகொண்டீர்கள்?' என்று கேட்டு, நாளிதழ், தொலைக்காட்சி, கருத்தரங்கு என்று மூன்று கட்டம் போட்டிருந்தார்கள்.

"இன்னா பாலு போடறது?"

"டிவி போடு. டிவின்னா ஒத்துக்குவாங்க."

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. மனிதவள மேலாளர் சாவித்திரி மேடம் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குத் தொலைபேசியில் நேர்காணல் செய்வார் என்றும், விண்ணப்பதாரர் இரைச்சல் இல்லாத இடத்தில் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. கைத்தறி நின்றாலும் சேவூரில் பவர்லூம் நிற்கவில்லை. தெருவில் எங்கே நின்றாலும் டக்கடக்கென்று காதைப் பிளந்தது. சுபலட்சுமி பாலுவின் செல்போனை வாங்கிக்கொண்டு ஊரைத் தாண்டி, நெல் வயலின் நடு வரப்பில் போய் நின்றாள். பதினோரு மணிக்குச் சொன்ன போன் பன்னிரண்டரைக்கு வந்தது.

"சுபலட்சுமி, பின்னாடி ஏதோ சத்தம் வருதே?"

"தவளைங்க மேடம்."

"நீங்க இப்ப களத்துல இருக்கீங்களா?" மேடத்தின் குரல் பதறியது. "விண்ணப்பதாரர்கள் களத்துக்குப் போகக் கூடாதும்மா. அது எங்க பாதுகாப்புக் கொள்கை."

"இல்ல மேடம், இது நெல்லு வயல்."

"ஓ, அப்ப சரி." மேடம் எதையோ எழுதுவது கேட்டது. "வீட்டிலிருந்தே வேலை செய்த அனுபவம் இருக்கா? ரொம்பப் பேருக்கு இது புதுசு. எங்க ஆட்களே திணறுறாங்க."

"நாங்க வீட்டுலதான் மேடம் வேலை செய்றோம். தறி வீட்டுலதானே கீது."

"எத்தனை வருஷமா?"

"நான் பதினோரு வருஷம். அப்பா முப்பத்தஞ்சி. அவரோட அப்பாவும் அதே வீட்டுலதான்."

மேடம், யாரோ அறிஞரிடம் பேசுவதுபோல மரியாதையான குரலில், "மூணு தலைமுறையா ரிமோட் ஒர்க்கிங்!" என்றார். அந்த வாரம் சேவூருக்கு ஒரு பார்சல் வந்தது. தெருவில் ஆளுக்கொரு பிரதியாக வழவழப்பான தாளில் கையேடு: 'வீட்டிலிருந்து வேலை செய்வது எப்படி?' வேலைக்கென்று தனி அறை ஒதுக்கவும், வேலை நேரத்தில் குடும்பத்தினர் அந்த அறைக்குள் வராமல் பார்த்துக்கொள்ளவும், மணிக்கொரு முறை எழுந்து நடக்கவும் என்று படத்தோடு போட்டிருந்தது. மாணிக்கவேல் அதை மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார். ஒரே அறை உள்ள வீடு அது. முக்கால்வாசியைத் தறி பிடித்துக்கொள்ள, மிச்சத்தில் அம்மாவையும் சேர்த்து மூன்று பேர் படுத்துத் தூங்கினார்கள்.

"ரூம் தறியோடதும்மா. நாமதான் அதும் வேலைய கெடுத்துகினு கீறோம்," என்றார் மாணிக்கவேல். "அரிசி வரும்னு சொன்னாங்களே, அது இன்னா ஆச்சி?"

"ஆள் எடுத்துகினு கீறாங்கப்பா."

"அரிசி தூக்கவா, அரிசி பொங்கவா?"

சுபலட்சுமிக்கு எரிச்சலாக வந்தது. அப்பா மேல் வந்த எரிச்சல் இல்லை என்பது அவளுக்கே தெரியும். பக்கத்து வீட்டில் அன்று காலை அடுப்புப் புகை வரவில்லை. எதிர்வீட்டிலும் வரவில்லை. இரவல் கேட்கவும் யாரும் வரவில்லை. கொடுப்பதற்கு யார் வீட்டிலும் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஆவணி பிறந்ததும் மூன்றாம் கட்டமாகக் குழு விவாதம் வைத்தார்கள். பல்வேறு இடங்களில் இருக்கும் ஐந்து விண்ணப்பதாரர்கள் இன்டர்நெட் வழியாக ஒன்றுகூடி, 'எட்ட முடியாத மக்களை எட்டுவது எப்படி?' என்று தட்டச்சில் விவாதிக்க வேண்டும். ஒருவரோடொருவர் பேசக் கூடாது. விளம்பரம் ஒட்டியது சேவூர் பஸ் நிறுத்தத்தில் மட்டும். ஆகவே பல்வேறு இடங்கள் என்பது பாலுவின் சென்டரில் இருந்த அஞ்சு தடுப்புகள். ஐந்து பேரும் ஒரே தெரு. ஒரே டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள்.

இந்த இடத்தில் சேவூர்க்காரர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். யாராவது தெருவில் பாவு நீட்டினால், அதாவது தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு நூலை வீதி நீளத்துக்கு இழுத்துக் கட்டினால், அது யாருடைய பாவு என்று யாரும் கேட்பதில்லை. வாசலில் நிற்பவர்கள் எல்லாரும் கை கொடுப்பார்கள். இழை அறுந்தால், அதற்குக் கிட்ட நிற்பவர் முடிச்சுப் போடுவார். சண்டைக்காரன் பாவாக இருந்தாலும் அப்படித்தான். முடிச்சுப் போட்டுவிட்டுப் போய்ச் சண்டையைத் தொடர்வார்கள். போட்டி என்று ஒன்று நடக்கும் இடத்துக்கு அவர்கள் இந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள்.

ஐந்து பேரில் அருணாச்சலம் என்பவனுக்கு விரல்கள் வீங்கியிருந்தன. ஓர் எழுத்தைத் தட்டினால் நாலு எழுத்து விழுந்தது. பக்கத்துத் தடுப்பில் இருந்த இளமதி சும்மா இருக்க முடியாமல் எட்டிப் போய் அவனுக்கும் சேர்த்து அடித்தாள். தன் பெயரில் ஒரு கருத்து, அவன் பெயரில் ஒரு கருத்து. பழக்கதோஷத்தில் அவன் பெயரில், 'நான் இளமதி. அருணாச்சலம் சொல்வதை அடிக்கிறேன். அவருக்கு விரல் வீக்கம்' என்று அடித்துவிட்டாள்.

சென்னையில் நாலு வீடுகளில் உட்கார்ந்திருந்த நாலு தேர்வாளர்களும் திகைத்துப் போனார்கள். திரையில் சாவித்திரி மேடத்தின் வரி வந்தது: 'ஒரு விண்ணப்பதாரர் இன்னொரு விண்ணப்பதாரரின் இடத்தில் எப்படி இருக்க முடியும்?'

'எழுந்து வந்தேன் மேடம்' என்று இளமதி அடித்தாள்.

விவாதத்தின் கடைசிக் கேள்வி, இந்தப் பணிக்கு உங்களில் யார் தகுதியானவர், ஏன் என்பது. ஐந்து பேரும் நேர்மையாக யோசித்தார்கள். சுபலட்சுமி, அருணாச்சலத்திடம் மொபெட் இருக்கிறது என்று எழுதினாள். அருணாச்சலம், இளமதியின் கையெழுத்து முத்துப் போல இருக்கும் என்றான். இளமதி, நூற்றெண்பது வீட்டிலும் எத்தனை வயிறு என்று சுபலட்சுமிக்குத் தெரியும் என்றாள். மற்ற இருவரும் அதை ஆமோதித்தார்கள். கடைசியில் சுபலட்சுமி இன்னொரு வரியும் சேர்த்தாள்: 'யாரை எடுத்தாலும் சரி, நாங்கள் ஐந்து பேரும் போய் ஒரே நாளில் கொடுத்துவிடுவோம். சீக்கிரம் எடுங்கள்.'

முடிவு ஒரு வாரம் கழித்து வந்தது. எந்த விண்ணப்பதாரரிடமும் தன்னம்பிக்கையோ தலைமைப் பண்போ வெளிப்படவில்லை என்றும், ஐந்து பேரும் ஒரு பணியிடத்தைப் பகிர்ந்துகொள்ள முயன்றது கவலையளிக்கிறது என்றும், எனினும் அறக்கட்டளை மனம் தளராமல் நான்காம் கட்டத்துக்கு எல்லாரையும் அழைக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள்.

நான்காம் கட்டம் இயக்குநரே நடத்தும் வீடியோ நேர்காணல். பாலு ஒரு வெப்கேமராவை மானிட்டர் தலையில் சணல் கயிற்றால் கட்டி வைத்தான். திரையில் சக்கரவர்த்தி சார் கட்டம் கட்டமாக வந்தார். முதலில் நெற்றி, பிறகு கழுத்து, வாய் கடைசியில். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய புத்தக அலமாரியும் ஓடுகிற ஏசியும் தெரிந்தன. சுபலட்சுமி அன்று காலையில் கஞ்சித் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வந்திருந்தாள். கேள்வி வரும் என்று காத்திருந்தாள். அவர் பேச ஆரம்பித்தார்.

"பதினெட்டு வருஷமா நான் ஏழைகளுக்காக உழைக்கிறேன், சுபலட்சுமி. இதுவரை ஒரு ஏழையைக்கூட நேர்ல தொந்தரவு பண்ணதில்லை. போய்ப் பார்த்தா உணர்ச்சிவசப்பட்டுடுவோம். உணர்ச்சிவசப்பட்டா கொடுத்துடுவோம். கொடுத்துட்டா அப்புறம் திட்டம்னு ஒண்ணு எதுக்கு? தூரத்துல இருந்து பார்த்தாதான் ஏழ்மையோட முழு வடிவம் தெரியும். இந்தக் காய்ச்சல் எங்களுக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்திருக்கு. ஆபீஸ் இல்லாம அறக்கட்டளை நடக்குது. கார் இல்லாம நடக்குது. களப்பணியாளர் இல்லாமயும் ஒண்ணரை மாசமா நடந்துடுச்சு பாருங்க!"

"சார், அரிசி..."

"கேக்கலை."

"அரிசி சார். வண்டு வச்சிடும்."

"சத்தம் வரலைம்மா. படம் நல்லா வருது." அவர் திரையை நோக்கிக் குனிந்தார். "முகத்துல நல்ல ஆர்வம் தெரியுது. குறிச்சுக்கறேன்." அப்போது ஆரணியில் கரண்ட் போனது.

புரட்டாசியில் மழை பிடித்துக்கொண்டது. மூட்டைகள் நனையுமோ என்ற பயத்தில் சுபலட்சுமி மறுபடியும் களம்பூருக்குப் போனாள். குடோன் பூட்டியிருந்தது. கந்தசாமியின் ஸ்டூல் மட்டும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மில் ஆபீஸில் விசாரித்தால், அங்கிருந்த கணக்குப்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார். அனைத்து ஊழியர்களும் வீட்டிலிருந்தே பணியாற்ற வேண்டும் என்ற சுற்றறிக்கை காவல்காரருக்கும் பொருந்தும் என்று சென்னையில் கண்டுபிடித்துவிட்டார்களாம். கந்தசாமி போளூரில் தன் வீட்டிலிருந்தபடியே குடோனைக் காவல் காக்கிறாராம். காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை மில்லுக்குப் போன் போட்டு, "குடோன் கீதா?" என்று கேட்பாராம். "கீது" என்று இவர் சொல்வாராம். அவர் அதை நோட்டில் எழுதிக்கொள்வாராம்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கூரை ஓட்டில் ஒன்று நகர்ந்து, மேல் வரிசையில் நாலைந்து மூட்டைகளின் மேல் தண்ணீர் சொட்டியது. அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடிக்கப் பொறுமையில்லாமல் அப்படியே போளூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

கந்தசாமி வீட்டில் சுவரில் சாய்ந்து கால் நீட்டிக் கிடந்தார். அவருக்கும் வந்துவிட்டிருந்தது. இரண்டு முட்டியும் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தன. மடியில் குடோன் சாவி.

"ண்ணா, மழைத் தண்ணி உள்ள இறங்குது. சாவி குடுங்க."

"சீட்டு?"

"இல்ல."

"களப்பணியாளரு?"

"இன்னும் எடுக்கல."

கந்தசாமி தன் முட்டியைத் தடவிக்கொண்டார். "எனக்கும் வீட்டுல அரிசி இல்லம்மா. ரெண்டு மாசமா அரிசிக்கு நடுவுல ஸ்டூல் போட்டு குந்தினு இருந்தேன். பேஜாரான பொழப்பு." சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். "காவல் காக்கச் சொல்லி எழுதியிருக்காங்க. நான் காத்துகினுதான் கீறேன். டெய்லி ரெண்டு வாட்டி போன் போடறேன். அதுல ஒரு நாள் தப்பாது. எனக்கும் ஒரு மூட்டை எடுத்து வையி."

மறுநாள் விடிந்ததும் ஐந்து விண்ணப்பதாரர்களும் களம்பூரில் நின்றார்கள். மில்காரர் டிராக்டரைக் கொடுத்தார். அருணாச்சலத்தால் தூக்க முடியாது என்பதால் பெயர் வாசிக்க வைத்தார்கள். மற்றவர்கள் வரிசையாக நின்று கைமாற்றி ஏற்றினார்கள். சேவூர்த் தெருமுனையில் டிராக்டர் நின்றதும், பாவு நீட்டியதைப் பார்த்ததுபோல, நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் வாசலை விட்டு இறங்கி வந்தார்கள். சுவரைப் பிடித்தபடி மாணிக்கவேலும் வந்து, மூட்டையின் ஒரு முனையையாவது பிடிப்பேன் என்று அடம்பிடித்தார். நனைந்த மூட்டைகளைப் பிரித்து வெயிலில் உலர்த்தி, கந்தசாமி உட்பட யாருக்கும் குறையாமல் பகிர்ந்தார்கள். பதினொன்றரை மணிக்கு டிராக்டர் காலியாகிவிட்டது.

அன்று மத்தியானம் தெரு முழுக்கச் சோறு கொதிக்கும் வாசனை அடித்தது. சுபலட்சுமி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைவிடக் கோபமாகவும் இருந்தது. ஒரு காலை வேளை வேலை. ஒரே ஒரு காலை வேளை. இதற்கா இத்தனை நாள்!

கந்தசாமி வாக்குத் தவறாமல் தினமும் இரண்டு வேளை போன் போட்டார். குடோன் அங்கேயே இருந்தது. அதை அவர் நோட்டில் எழுதினார், சென்னையில் அதைத் தொகுத்து வாராந்தர அறிக்கை ஆக்கினார்கள். களத்துக்கு யாரும் போகக் கூடாது என்பதால் களத்திலிருந்து வேறு எந்தச் செய்தியும் போகவில்லை. காய்ச்சல் மெல்ல ஊரைவிட்டு விலகியது. வீக்கம் குறையாத விரல்களோடு ஒவ்வொருவராகத் தறியில் உட்கார்ந்தார்கள்.

ஐந்தாம் கட்டமும் ஆறாம் கட்டமும் நடந்தன. அவற்றைச் சொல்லி உங்களைச் சோதிக்கப் போவதில்லை. ஐந்தாவதில் தன்னையே ஒரு மரமாகக் கற்பனை செய்து படம் வரைந்து அனுப்பச் சொன்னார்கள் என்பது மட்டும் போதும். கார்த்திகை மாதம் ஒரு நாள் பாலு ஆளனுப்பி சுபலட்சுமியைக் கூப்பிட்டான். சென்னையிலிருந்து போனாம், மேடம் காத்திருக்கிறாராம்.

"வாழ்த்துகள் சுபலட்சுமி! நீங்க தேர்வாகிட்டீங்க," என்றார் சாவித்திரி மேடம். "இயக்குநரும் லைன்ல இருக்கார்."

"நெருக்கடி காலத்துல ஒரு நாள்கூட நிக்காம, முழுக்க முழுக்கத் தொலைவிலிருந்தே நடந்த முதல் ஆள்சேர்ப்பு," என்றது சக்கரவர்த்தியின் குரல். "இதுக்காக எங்களுக்கு ஒரு விருதே வரப்போகுது. உங்களுக்குத்தான் முதல் நன்றி."

நிஜமான வேலை. மாதம் பிறந்தால் சம்பளம். அப்பாவைத் தறிக்குழியில் இறங்கவிடாமல் இன்னும் ரெண்டு மாசம் உட்கார்த்தி வைக்கலாம். "நன்றிங்க சார்," என்றாள்.

"முதல் வேலை ரொம்பச் சுலபம்," என்றார் மேடம். "குடோன்ல நூத்தியெண்பது மூட்டையும் பத்திரமா இருக்குன்னு ஒரு சான்று. நேர்ல போக வேண்டாம். காவல்காரர்கிட்ட போன்ல கேட்டு, இருக்குன்னு எங்களுக்கு ஒரு வரி மெயில் போட்டாப் போதும். விருதுக் குழுவுக்கு அனுப்பணும். நெருக்கடி முழுக்க ஒரு மூட்டைகூட சேதாரம் இல்லைங்கறதுதான் நம்ம சாதனையே."

சுபலட்சுமி போனை மார்போடு பொத்திக்கொண்டு பாலுவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"இருக்குதுன்னு போட்டுடு சுபா," என்றான் பாலு அவசரமாக. "எவன் வந்து பாக்கப்போறான்? இவங்க ஜென்மத்துக்கும் களம்பூர் வர மாட்டாங்க. கந்தசாமியண்ணன் ஒத்துக்குவார். வேலை கைல கீது, உட்டுடாதே."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. ஒரு வரி எழுதினால் போதும். அது அவளுக்கும் நன்றாகத் தெரிந்தது. ஆனால் இந்த நாலு மாசமாக அவளிடம் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாக மனசில் வந்தன. ஐந்து வருஷத்தில் எங்கே இருப்பாய், பலவீனம் என்ன, என்ன மரம் என்று எல்லாம் கேட்டார்கள். அந்த நூற்றெண்பது வீட்டில் என்ன நடக்கிறது என்று மட்டும் ஒருவரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. போனை மறுபடி காதில் வைத்தாள்.

"மேடம், குடோன்ல ஒரு மூட்டைகூட இல்ல."

"புரியலைம்மா."

"புரட்டாசியிலயே எடுத்துக் குடுத்துட்டோம். நாங்க அஞ்சு பேரும். எல்லா வீட்டுக்கும் போய்ச் சேந்துடுச்சி."

இயக்குநர் நிதானமாகப் பேசினார். அவர் கோபப்படவில்லை. வகுப்பில் தப்பாகக் கணக்குப் போட்ட பிள்ளையிடம் பேசுவது போலப் பேசினார். "பாரும்மா, அப்ப நீங்க ஊழியர் இல்லை. ஊழியர் இல்லாதவங்க கொடுத்தது விநியோகத்துல சேராது. நாங்க அதை எந்த அறிக்கையிலயும் காட்ட முடியாது. ஒண்ணு செய்யுங்க. அந்த அரிசியை வீடு வீடாத் திரும்ப வாங்கி குடோன்ல வைங்க. நியமன உத்தரவு வந்த பிறகு சீட்டுல கையெழுத்துப் போட்டு முறைப்படி கொடுக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை."

"திரும்ப வாங்க முடியாது சார்."

"ஏன்?"

"சாப்பிட்டுட்டாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான் சார்."

இப்போது சாவித்திரி மேடம் குறுக்கிட்டார். நாலு மாசத்தில் முதல் முறையாக அவர் குரலில் நிஜமான ஆச்சரியம் இருந்தது. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"களப்பணியாளரே இல்லாம எப்படிம்மா சாப்பிட்டாங்க?"

"பசிச்சிது மேடம்," என்று சொல்லிவிட்டு, சுபலட்சுமி போனைப் பாலுவிடம் திருப்பிக் கொடுத்தாள்.